நாலு சிலிண்டரைக் கொடுத்து மூணு சிலிண்டர் வாங்கிய கதை: ஸ்கோடா ரேபிட் 1.0 டி.எஸ்.ஐ., 78,000 கி.மீ. ஓட்டிய பிறகு

2020 நவம்பரில் இந்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, தேங்காய் சுற்றி உடைத்து முடித்த கையோடு மாமனார் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க மாப்ள, இது எத்தன சி.சி.?" ஆயிரம் என்றேன். சரியாகச் சொன்னால் 999. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பக்கத்தில் நின்ற பழைய வண்டியைக் காட்டி, "அது ஆயிரத்தி அறநூறுதானுங்களே, அதக் குடுத்துப்போட்டு இதுக்குப் பதிமூணு லட்சமா?" என்றார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், கிணற்று மோட்டாரை ஹெச்.பி. கணக்கில் வாங்கிப் பழகினவர். அஞ்சு ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு மூணு ஹெச்.பி. மாட்டினால் தண்ணீர் எப்படி வரும் என்பது அவருடைய நியாயம். அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இப்போது 78,000 கி.மீ. ஓட்டியாயிற்று, ஓரளவுக்கு இருக்கிறது.

ரெண்டு வண்டியையும் ஒப்பிட்டுப் பேச எனக்கு ஒரு வசதி உண்டு. பழைய வண்டியும் ஸ்கோடா ரேபிட்தான், 2012 மாடல், 1.6 பெட்ரோல், மேனுவல். அதை வெளியே விற்காமல் மச்சினனுக்கே கொடுத்தேன். அவன் வீடு சிங்காநல்லூர், என் வீடு பீளமேடு, வாரத்தில் ஒரு நாளாவது அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவேன். கூடு ஏறத்தாழ ஒன்று, சீட்டும் டிக்கியும் அப்படியே, உள்ளே இருக்கும் இன்ஜின் மட்டும் வேறு. அதனால் நான் கீழே சொல்கிற வித்தியாசமெல்லாம் பெரும்பாலும் இன்ஜினுடைய வித்தியாசம்தான்.

எண்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாமனார் மாதிரி ஆட்களுக்கு அது வேண்டும். பழைய 1.6 நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, 105 பி.எஸ். சக்தி (பி.எஸ். என்பது கிட்டத்தட்ட ஹெச்.பி.தான்), 153 நியூட்டன் மீட்டர் இழுவை, அந்த இழுவை முழுசாக வருவது 3,800 ஆர்.பி.எம். பக்கத்தில், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு அத்தனை சுற்று சுற்றும்போது. புதிய 1.0 மூணு சிலிண்டர், டர்போ, 110 பி.எஸ்., 175 நியூட்டன் மீட்டர், அது 1,750-லேயே வந்து 4,000 வரைக்கும் அப்படியே நிற்கும். பழையதில் அஞ்சு கியர், புதியதில் ஆறு. புதியதுக்குக் கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 18.97 கி.மீ. அதாவது சி.சி.யில் ஐந்தில் மூன்று பங்கும் கொஞ்சமும்தான், ஆனால் சக்தி அஞ்சு பி.எஸ். கூட, இழுவை 22 கூட. கிணற்று மோட்டார் கணக்கு இங்கே செல்லாது என்பதற்குக் காரணம் டர்போ. சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேலே சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடப் போனால் பெட்ரோலும் கூடப் போடலாம். சின்ன வயிற்றுக்குப் பெரிய சாப்பாடு.

கம்பெனி ஏன் மாற்றியது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயம் என்றானதும், அந்தப் பழைய 1.6 பெட்ரோலையும் 1.5 டீசலையும் செலவு பண்ணித் தேற்றுவதை விட ரெண்டையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு 1.0 டர்போவை மாட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். ஃபோக்ஸ்வேகன் வென்டோவிலும் இதே கதைதான், அதுவும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ரெண்டும் புனே பக்கத்துச் சாகனில் செய்தவை. ரேபிட் 1.0 வந்தது 2020 மே கடைசியில், அடிப்படை மாடல் 7.49 லட்சம் ஷோரூம் விலை. நான் எடுத்தது மேல் மாடல், தமிழ்நாட்டு ரோடு டாக்ஸும் இன்ஷூரன்சும் சேர்ந்து பதிமூணைத் தாண்டிவிட்டது. வரியிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. அப்போதைய ஜி.எஸ்.டி.யில் 1,500 சி.சி.க்கு மேலே போனால் செஸ் என்ற கூடுதல் வரியோடு 48 சதவீதம், அதற்குள் இருந்தால் 45. 1,600-ல் இருந்து ஆயிரத்துக்கு இறங்கியதில் மூணு சதவீதம் மிச்சம். ஆனால் 1,200 சி.சி.க்குள் இருந்தும் சின்னக் கார் வரி கிடைக்காது, ஏனென்றால் வண்டி நாலு மீட்டருக்கு மேல் நீளம், இது 4.4 மீட்டர். டிக்கியைக் கொஞ்சம் வெட்டியிருந்தால் இன்னும் மலிவாகக் கிடைத்திருக்கும், பார்க்கத்தான் கண்றாவியாக இருந்திருக்கும்.

சரி, ஓட்டுவதற்கு வருவோம்.

முதல் ஒரு மாசம் நான் இந்த வண்டியைத் திட்டாத நாள் இல்லை. எங்கள் ஊர் அவிநாசி ரோட்டில் அப்போதுதான் மேம்பாலத்துக்குக் குழி தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர். அந்தப் பாலம் திறந்தது 2025 அக்டோபரில், ஜி.டி.நாயுடு பெயரைத் தாங்கி இப்போது கம்பீரமாக நிற்கிறது. நடுவில் கிடந்த ஐந்து வருஷமும் அதன் கீழே தூண்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே ஊர்ந்தவன் நான். பழைய 1.6-ல் இந்த மாதிரி நெரிசலில் ஒரு சௌகரியம் இருந்தது. முதல் கியரில் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டால் போதும், ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே நாலு பேரையும் ஏ.சி.யையும் சுமந்துகொண்டு தானாக நகரும். ரெண்டாவது கியரில் பத்து கி.மீ. வேகத்துக்கு இறங்கினாலும் முனகாமல் மறுபடி எடுக்கும். எதையும் யோசிக்க வேண்டாம், வலது கால் பாட்டுக்கு ஓய்வெடுக்கும்.

புதிய வண்டியில் அந்தப் பழக்கத்தோடு உட்கார்ந்தவனுக்கு லட்சுமி மில்ஸ் சிக்னலிலேயே பாடம் கிடைத்தது. பச்சை விழுந்தது, கிளட்சை விட்டேன், வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆயிற்று. பின்னால் டவுன் பஸ். அந்த ஹாரனை இன்றைக்கு நினைத்தாலும் காது கூசுகிறது. மறுபடி ஸ்டார்ட் பண்ணி இந்த முறை பயத்தில் கொஞ்சம் ரேஸ் கொடுத்துவிட்டேன், ஒரு நொடி ஒன்றுமே இல்லை, அப்புறம் திடீரென்று மொத்த இழுவையும் ஒரே மூச்சில் வந்து முன்னால் நின்ற ஆட்டோவின் முதுகுக்கு ஒரு முழம் வரை போய் நின்றேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

இதற்குக் காரணம் எளிதானது. டர்போ சுற்ற வேண்டுமானால் போதுமான புகை வெளியே போக வேண்டும், போதுமான புகை போக இன்ஜின் ஓரளவு சுற்ற வேண்டும். 1,500 ஆர்.பி.எம். வரைக்கும் அந்தச் சக்கரம் இருந்தும் இல்லாத மாதிரி, அப்போது உங்களிடம் இருப்பது வெறும் ஆயிரம் சி.சி. மூணு சிலிண்டர் இன்ஜின், அது இழுக்க வேண்டியதோ ஒரு டன்னுக்கு மேற்பட்ட செடான். மாமனார் சொன்ன கணக்கு அந்த 1,500 வரைக்கும் நூற்றுக்கு நூறு சரி! அதற்கு மேலேதான் அவர் கணக்கு தப்பு. இந்தத் தாமதத்தைத்தான் டர்போ லேக் என்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள ரேபிட்டில், கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் மூடிவிடுகிறது, நண்பர் ஒருவர் வண்டியை ஓட்டிப் பார்த்தேன், நகரத்துக்கு அதுதான் சரி என்று தோன்றியது. மேனுவலில் நீங்கள்தான் மூட வேண்டும்.

ஒரு மாசத்தில் கால் கற்றுக்கொண்டது. கிளட்ச் கடிக்கிற இடத்துக்குச் சற்று முன்னாலேயே ஒரு துளி ரேஸ், 1,300-1,400-க்கு ஆர்.பி.எம். முள்ளைத் தூக்கி வைத்துக்கொண்டு விடுவது. வேகத்தடை ஏறி இறங்கினால் ரெண்டாவதில் சோம்பல்படாமல் முதல் கியருக்கு வருவது. இது ஏதோ பெரிய வித்தை இல்லை, ஆனால் பழைய வண்டியில் இதெல்லாம் செய்யவே வேண்டியதில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். என் மனைவிக்கு இந்த வண்டி இன்னும் நகரத்துக்குள் பிடிக்காது, தம்பி வீட்டுக்குப் போனால் பழைய சாவியைத்தான் எடுக்கிறாள்.

ஆனால் நீலாம்பூர் தாண்டி சேலம் ரோட்டில் ஏறிய பிறகு கதையே மாறிவிடும். மூணாவது கியரில் 40-ல் போய்க்கொண்டிருக்கும்போது அழுத்தினால் கழுத்து சீட்டில் ஒட்டுகிற மாதிரி ஒரு தள்ளு. சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் சேரும்போது, லாரி வரிசையைத் தாண்டும்போது, பழைய வண்டியில் கியரைக் குறைத்து, இன்ஜினை 4,500 வரை அலறவிட்டு, மனசுக்குள் கணக்குப் போட்டு முந்த வேண்டும். இதில் நாலாவதிலேயே காலை அழுத்தினால் போதும். ஆறாவது கியரில் 100-ல் போகும்போது முள் 2,500-க்குக் கீழேயே கிடக்கிறது, உள்ளே காற்றுச் சத்தமும் டயர் சத்தமும்தான் கேட்கும். பெருந்துறை தாண்டி ஒரு ஏற்றம் வந்தாலும் கியர் மாற்ற வேண்டியதில்லை. சேலம் போய் வந்தால் முன்னூறுக்கு மேல், இறங்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குவதில்லை.

இந்த வித்தியாசத்தை ஒரே நாளில், ஒரே ரோட்டில் பார்த்தது போன வருஷம் மே மாசம் வால்பாறை போனபோதுதான். ரெண்டு வண்டியில் ரெண்டு குடும்பம். ஆழியாறு செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டில் சோதனை, குரங்குச் சேட்டை எல்லாம் முடித்து ஏற ஆரம்பித்தோம். நாற்பது கொண்டை ஊசி வளைவு. நான் புதியதில் முன்னால், மச்சினன் பழையதில் பின்னால். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நிறுத்தி, வரையாடு தென்படுகிறதா என்று பிள்ளைகள் பாறை பாறையாகத் தேடிக்கொண்டிருந்தபோது மச்சினன் வந்து, "மாமா, சாவியக் குடுங்க, மேல வரைக்கும் நான் இத ஓட்டறேன்" என்றான். மாற்றிக்கொண்டோம்.

பழைய வண்டியில் எட்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன், ஆனால் புதியதிலிருந்து இறங்கி நேராக அதில் ஏறியபோதுதான் அதன் குணமே புரிந்தது. வளைவில் ரெண்டாவது கியரில் வேகம் பதினைந்துக்கு இறங்கும், முள் ஆயிரத்துச் சொச்சத்தில் நிற்கும், காலைக் கொடுத்தால் உடனே, கொடுத்த அளவுக்கு மட்டும், ஒரு நிதானத்தோடு ஏறும். அவசரப்படுத்தினாலும் அவசரப்படாது. வளைவு முடிந்து நேர் ஏற்றத்தில் முன்னால் ஒரு அரசு பஸ் இருந்தால் அவ்வளவுதான், பின்னாலேயே கரும்புகையைக் குடித்துக்கொண்டு போக வேண்டும், முந்தலாம் என்று ரெண்டாவதிலேயே வைத்து மிதித்தால் சத்தம் வருகிறது, வண்டி வருவதில்லை.

முன்னால் புதிய வண்டியில் மச்சினன் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். கொண்டை ஊசியில் திரும்பியதும் ரெண்டாவது கியரில் வண்டி ஒரு கணம் செத்த மாதிரி நிற்கும், அவன் பயந்து இன்னும் மிதிப்பான், டர்போ விழித்துக்கொள்ளும், வண்டி தாவும். மூணு நாலு வளைவுக்கு இதே கூத்து. பத்தொன்பதோ இருபதோ, அந்த வளைவில் ஒரு இடத்தில் பிரேக் விளக்கு எரிந்தது, ஓரம் கட்டினான். தங்கச்சி ஜன்னலைத் திறந்து, "அண்ணா, இவரு ஓட்டறதுல எனக்கு வயித்தப் பொரட்டுது, நான் அந்த வண்டிக்கு வர்றேன்" என்று இறங்கி வந்துவிட்டாள். அவனிடம் போய், வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு வந்துவிடு, சின்ன வளைவுக்கு மட்டும் ரெண்டாவது, மிதிக்காதே, அழுத்து என்றேன். அதற்கப்புறம் அவன் காணாமலே போய்விட்டான். நாங்கள் அட்டகட்டி தாண்டி வரும்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாதி வடையைத் தின்று முடித்திருந்தான். "மாமா, நேர் ரோட்டுல இது வேற வண்டி மாமா. ரெண்டு பஸ்ஸையும் ஒரே மூச்சுல தாண்டிப்போட்டேன்."

ஊட்டிக்குப் போனால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்று சமவெளியை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துபோயிருக்கும், டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழந்துவிடும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக, 36 கொண்டை ஊசி, நாலு பேரோடு பழைய 1.6-ல் ஏறியிருக்கிறேன், கடைசிப் பத்து வளைவில் ஏ.சி.யை அணைத்துவிட்டுத்தான் ஏறினேன். டர்போ மெலிந்த காற்றையும் அமுக்கித்தான் கொடுக்கிறது என்பதால் அதற்கு மலை ஏறினது அவ்வளவாகத் தெரியாது. அதே கல்லட்டியில் புதியதில் ஏ.சி.யை அணைக்க நினைவே வரவில்லை.

சத்தம், அதிர்வு. மூணு சிலிண்டர் என்றாலே ஷேர் ஆட்டோ மாதிரி உதறும் என்று பயமுறுத்துவார்கள். உதறல் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். நாலு சிலிண்டரில் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு, இதில் மூணில் ரெண்டு சுற்றுக்கு ஒன்று, அந்த இடைவெளி காலையில் குளிர்ந்த இன்ஜினில் சீட்டிலும் கியர் குமிழிலும் லேசாகத் தெரியும். சூடேறி 1,500 தாண்டினால் போய்விடும். அதற்கு மேலே ஒரு கனத்த உறுமல், எனக்குப் பிடித்திருக்கிறது, மனைவிக்கு டிராக்டர் மாதிரி இருக்கிறதாம். இன்னொன்று, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வண்டியை அணைத்துப் பூட்டிவிட்டு வந்தால் பானட்டுக்குள் சில நேரம் ஒரு சன்னமான முனகல் கேட்கும். முதல் தடவை பேட்டரி இறங்கிவிடுமோ என்று ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சோடு போய் நின்றேன். சூடாகக் கிடக்கும் டர்போவுக்குத் தண்ணீர் சுற்றவிடும் மின்சாரப் பம்ப் அது, தன் வேலையைப் பார்க்கிறது, விட்டுவிடுங்கள்.

மைலேஜ் என் கணக்கில், ஃபுல் டேங்குக்கு ஃபுல் டேங்க் போட்டுப் பார்த்தது: பழையது நகரத்தில் 9 அல்லது 10, நெடுஞ்சாலையில் 14. புதியது நகரத்தில் 12-13, நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனால் 19 வரை வந்திருக்கிறது. தாண்டினால் 16. டர்போவின் குணமே அதுதான், சாதுவாகப் போனால் ஆயிரம் சி.சி. கணக்கில் குடிக்கும், விரட்டினால் 1,600 கணக்கில் குடிக்கும். கம்பெனி போட்ட 18.97-ஐ நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தேன் என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் அவர்களுடைய வலது கால். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் எல்லா பங்க்கிலும் வந்த பிறகு எனக்கு மைலேஜ் லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. எத்தனாலில் பெட்ரோலை விட மூணில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் குறையாமல் இருந்தால்தான் அதிசயம்.

பராமரிப்பில் ஒரு கதை சொல்ல வேண்டும். கம்பெனி கணக்கில் சர்வீஸ் 15,000 கி.மீ.க்கு ஒருமுறை, இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறை. நான் இடையில் ஒருமுறை ஆயிலை மட்டும் மாற்றிவிடுவது வழக்கம். வாரண்டி முடிந்த வருஷம், பக்கத்திலேயே எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன், பெயர் வேண்டாம். ஏ.சி. போட்ட ரூமில் காபி கொடுத்து உட்கார வைத்தார்கள். எனக்கு உட்கார்ந்தால் ஆகாது, எட்டிப் பார்த்தேன். பழைய ஆயில் வடிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் தரையில் திறந்து வைத்திருந்த கேனில் 20டபிள்யூ-40 என்று போட்டிருந்தது, லாரிக்கும் பழைய வேனுக்கும் ஊற்றுகிற கெட்டி ஆயில். "தம்பி, இது டர்போ பெட்ரோலுப்பா" என்றேன். "எல்லா பெட்ரோல் வண்டிக்கும் இதுதாங்ண்ணா போடறோம், ஒண்ணும் ஆகாது" என்றான் பையன். லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற அந்தத் தண்டு, ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேலேதான் மிதந்துகொண்டிருக்கிறது, அங்கே கெட்டி ஆயில் காலையில் போய்ச் சேர்வதற்குள் தேய்மானம் ஆரம்பித்துவிடும். இதை அவனிடம் விளக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போய் கையேட்டில் போட்டிருக்கும் தரத்தில் சிந்தெடிக் ஆயில் நானே வாங்கி வந்து, பக்கத்தில் நின்று ஊற்ற வைத்தேன். பில்லில் "இன்ஜின் ஃபிளஷ்" என்று ஒரு தொகை வேறு போட்டிருந்தார்கள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், யாரும் எதையும் ஃபிளஷ் பண்ணவில்லை. கேட்டதும் அந்தத் தொகையை அடித்துவிட்டுக் கொடுத்தார்கள். அதோடு அந்தப் பக்கம் போவதில்லை.

பழைய 1.6 இந்த மாதிரி அட்டூழியத்தையும் தாங்கும், மச்சினன் ஆயில் மாற்றும் தேதியை ரெண்டு முறை மறந்தே போயிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. புதியதில் அந்தத் தைரியம் வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. பழையதில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுவதால் வால்வு தானாகக் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். இதில் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் வால்வுக்கு அந்தக் குளியல் இல்லை, நாளாவட்டத்தில் கரி சேரலாம். என் வண்டியில் இதுவரைக்கும் ஓட்டத்தில் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் மாசத்தில் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் நன்றாக விரட்டிவிட்டு வருகிறேன். அதனால் கரி போகிறதோ இல்லையோ, எனக்கு நல்லது.

ஒன்று மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்ஜினை மாற்றினவர்கள் வண்டியை மாற்றவில்லை. 2011-ல் வந்த கூட்டுக்குள் 2020 இன்ஜின். பின்சீட்டு நடுவில் உட்காருபவர் காலுக்கடியில் அதே மேடு, வேகத்தடையில் அடி தட்டுகிற அதே தாழ்வு, அஞ்சு பேரை ஏற்றிக்கொண்டு எங்கள் தெரு வேகத்தடையைக் குறுக்காகத்தான் ஏற வேண்டியிருக்கிறது. பழைய வீட்டுக்குப் புது வயரிங் பண்ணின மாதிரி. நல்ல விஷயம் என்னவென்றால் அந்தப் பழைய வீட்டின் சுவரும் கதவும் கனமானவை, கதவைச் சாத்தினால் வரும் அந்தச் சத்தத்துக்காகவே வாங்குபவர்கள் உண்டு, 460 லிட்டர் டிக்கியில் தோப்பிலிருந்து தேங்காய் மூட்டை மூணு போகும். 2021 கடைசியில் ரேபிட்டை நிறுத்திவிட்டு 2022-ல் ஸ்லேவியாவைக் கொண்டுவந்தார்கள், அதிலும் இதே 1.0 இன்ஜின் கொஞ்சம் கூடுதல் சக்தியோடு வருகிறது, தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே இடைவெளியும் 179 மில்லிமீட்டர். ஒன்றரை வருஷம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும். பொறுமை இருந்திருந்தால் நான் எதற்கு டர்போ வாங்குகிறேன்.

இப்போது யாராவது பழைய வண்டிச் சந்தையில் ரேபிட் தேடினால், 1.6-ஆ 1.0-ஆ என்று என்னிடம் கேட்பதுண்டு. நகரத்துக்குள் மட்டும், அதுவும் வீட்டில் வயசானவர்கள் ஓட்டுவதற்கு என்றால் பழைய 1.6-ஐ யோசிக்காமல் எடுங்கள். மாசத்துக்கு ரெண்டு முறை வெளியூர், மலை என்றால் 1.0. ஆனால் 1.0-ஐ வாங்கும்போது ஆயில் எப்போது, என்ன ஆயில் மாற்றினார்கள் என்ற பில்லைக் கேளுங்கள், பில் இல்லை என்றால் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது காலி ரோட்டில் விரட்டிப் பார்க்காதீர்கள், அதில் எல்லா டர்போவும் மயக்கும். ஏதாவது பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவில் ஏ.சி.யைப் போட்டு, மூணு பேரை ஏற்றி, பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். அது உங்களுக்குச் சரிப்பட்டால் மீதி எல்லாம் சரிப்படும்.

மாமனார் போன பொங்கலுக்கு முன்சீட்டில் உட்கார்ந்து பழனி வரைக்கும் வந்தார். உடுமலை தாண்டி ஒரு டிராக்டர், ஒரு லாரி, ரெண்டையும் முந்தியதும் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆயிரம் சி.சி.தானுங்க மாப்ள?" என்றார். ஆமாங்க மாமா என்றேன். திரும்பி வரும்போது மலையடிவாரப் பார்க்கிங்கில் ஏற்றத்தில் வண்டி ஒருமுறை ஆஃப் ஆயிற்று. ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார்.

பழைய வண்டிக்கு 2027-ல் பதினைந்து வருஷம் முடிகிறது, ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் பசுமை வரி கட்ட வேண்டும். விற்றுவிடலாமே என்றேன் மச்சினனிடம். கட்டி ஓட்டுவேன் என்கிறான்.